ஓர் அடித்தலும் இல்லாத புத்தகம்

ஆற்றின் ஆழம் எழுதும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். சேர்ந்த அன்றே தலைமை எழுத்தர் உங்களை வரிசையாக உட்காரவைத்து, பீரோவிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டியிருப்பார். நூறு பக்கத்துக்கு மேல் முத்து முத்தான எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது, இப்படி எழுதப் பழகுங்கள் என்றும் சொல்லியிருப்பார். அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். லாஞ்சில் வாந்தி வராமல் இருப்பது எப்படி, மழையில் தாளை நனையாமல் வைப்பது எப்படி என்பதையெல்லாம் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. திருநெல்வேலியிலிருந்து ரயில் மாறி மாறி வந்து, கல்கத்தாவின் பவானிபூரில் நம்மவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் ஒரு கட்டிலைப் பிடித்திருந்தேன். வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டுவார்கள், நீட்டாமலும் போகலாம். ஊரில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் செய்ததற்கு இதுதான் காரணம் என்று நீங்களாகக் கண்டுபிடித்து எனக்காக இரக்கப்பட வேண்டாம்.

காலையில் கார்டன் ரீச் துறையிலிருந்து எங்கள் சிறிய நீராவிப் படகு, அதுதான் லாஞ்ச், கிளம்பும். ஆற்றில் கீழே போய், இந்தக் கரையில் ஒரு மரம், அந்தக் கரையில் ஒரு வெள்ளைத் தூண் என்று குறி வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெதுவாகக் குறுக்கே போகும். விளிம்பில் சாய்ந்து நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வீசுகிறவர் காதர் அலி, சிட்டகாங் பக்கத்துக்காரர். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றிலுள்ள அடையாளத்தைப் பார்த்து, இத்தனை பாகம் என்று கூவுவார். ஒரு பாகம் என்பது ஆறடி. அவருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அதை எழுதுகிறவன் நான். ஹூக்ளி ஆற்றில் மணல் ஓர் இடத்தில் கிடக்காது. அதனால் அதே கோடுகளை மாதாமாதம் அளப்போம். நாங்கள் எழுதியதை வைத்து வரைபடத்தைத் திருத்துவார்கள், அந்த வரைபடத்தை நம்பிக் கப்பல்கள் போகும்.

எங்கள் பெரிய துரை ஒரு வெள்ளைக்காரர். தவறாக எழுதிவிட்டால் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் சனிக்கிழமைதோறும் அவர் எங்கள் புத்தகங்களை வாங்கிப் புரட்டுவார். கோடு கண்ட பக்கத்தை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "இது யாருடைய தூக்கம்?" என்று கேட்பார். அறை முழுவதும் சிரிக்கும். ஆகவே விதி இருந்தது, அதைப் பயன்படுத்த எவனுக்கும் தைரியம் இல்லை. என் புத்தகத்தில் மூன்று மாதமாக ஒரு கோடும் விழவில்லை. இப்படியே போனால் நிரந்தரம் செய்ய உன் பெயரை எழுதி அனுப்புகிறேன் என்று துரை சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் போர்த்துகீசியர் ஒருவர் வந்து சேர்ந்தார். கடலைப் படித்த டாக்டர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். கடல் தண்ணீர் ஆற்றின் அடிவழியாக எவ்வளவு தூரம் ஏறி வருகிறது, வண்டல் எங்கே இறங்குகிறது என்று பார்க்க, யாரோ கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு கல்கத்தாவுக்கு வந்திருந்தார். அவர் பின்னால் எந்த அரசாங்கமும் இல்லை. லாஞ்சில் அவருக்கு இடம் கொடுத்தது தயவு, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய தயவு. கம்பியில் கட்டிய பித்தளைக் குழாயை அடிவரை இறக்குவார். தண்ணீரை மொண்டு எடுத்துக் கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி லேபிள் ஒட்டுவார். சில சமயம் விரலால் தொட்டு நாக்கிலும் வைத்துப் பார்ப்பார். நாங்கள் அவருக்கு உப்புத் துரை என்று பெயர் வைத்துவிட்டோம். அது அவருக்கும் தெரியும். ஒரு நாள் நாக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "இன்றைக்கு உப்பு கம்மி, சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள்" என்றார்.

கோபக்காரர். யாராவது கம்பியை மிதித்தால் தன் மொழியில் பொரிந்து தள்ளுவார். எங்களில் யாருக்கும் அது புரியாததால் யாரும் மனம் நோகவில்லை. ஆனால் எழுதும்போது மட்டும் அவரைப் போல நிதானமானவரை நான் பார்த்ததில்லை. வெப்பமானியைப் படித்தவுடன் எழுத மாட்டார். முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு திரும்பி, முதல் தடவை பார்ப்பதுபோல் இன்னொரு முறை படிப்பார். அதற்கப்புறம்தான் பென்சிலை எடுப்பார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நானோ காற்றைவிட வேகமாக எழுதுகிறவன்.

ஒரு நாள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை இங்கிலீஷ்தான். "அவர் வாயைத் திறப்பதற்குள் எழுதிவிட்டீர்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அதே கோட்டில் மாதாமாதம் போனதில் எந்த இடத்தில் என்ன ஆழம் என்று கைக்கு மனப்பாடமாகியிருந்தது. காதர் அலி கயிற்றை இழுக்கும்போதே கை எழுதிவிடும். அவர் கூவுவது அதை ஆமோதிப்பதற்கு என்று ஆகிவிட்டது.

"சரியாகத்தானே இருந்தது?" என்றேன்.

"தப்பாக இருந்திருந்தால் நல்லது. நிறுத்தியிருப்பீர்கள்."

இவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தவிர, இப்படி எழுதுகிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. கை வேகமானவன் என்று பெயரெடுத்த எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். இன்றைக்கும் உங்களில் சிலர் அப்படித்தான் எழுதுகிறீர்கள், எனக்குத் தெரியும்.

அது பங்குனி மாதம். தெற்குக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. டாக்டருக்காக லாஞ்ச் ஒரு கோட்டின் நடுவில் நின்றது. அவர் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார், காதர் அலி பக்கத்தில் குண்டை வீசினார். அந்த இடத்தில் போன மாதம் நாலு பாகம், அதற்கு முந்தின மாதமும் நாலு. என் கை நாலு என்று எழுதி முடித்தது. காதர் அலி, "இரண்டு" என்று கூவினார்.

நான் நிமிர்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரு கோடு போட்டு மேலே இரண்டு என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடும் நேரம். அதற்குள் சனிக்கிழமை, துரை, தூக்கிப் பிடித்த பக்கம், அறையின் சிரிப்பு எல்லாம் கண்ணில் வந்து போயின. வீச்சு சரியாக விழுந்திருக்காது, அடுத்த வீச்சில் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாஞ்ச் நகர்ந்தது. அடுத்த வீச்சு நாலு. பார்த்தாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். அன்று சாயங்காலம் மெஸ்ஸில் நன்றாகவே சாப்பிட்டேன். அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மணல் திட்டு ஒன்று புதிதாக எழும்பியிருந்தது. அகலம் குறைவு, அதனால்தான் அடுத்த வீச்சில் ஆழம் திரும்பிவிட்டது. புது வரைபடம் வந்து மூன்று வாரத்தில், தண்ணீர் வடியும் நேரத்தில், ஒரு சிறிய சரக்குக் கப்பல் அதன்மேல் ஏறி நின்றது. அந்த ஆற்றில் தரை தட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஓட்டம் பக்கவாட்டில் தள்ளும், மணல் அடியிலிருந்து இழுக்கும். கப்பல் சாய்ந்து படுத்துவிட்டது. மேல்தளத்தில் இருந்தவர்களில் சிலர் நீந்திக் கரையேறினார்கள். கீழே என்ஜின் அறையில் கரி தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் வெளியே வரவில்லை. அவர்களில் ஒருவன் காதர் அலியின் தம்பி.

விசாரணைக்கு மூன்று பேரை நியமித்தார்கள். வரைபடம் எங்கள் புத்தகத்திலிருந்து வந்தது, புத்தகத்தில் நாலு என்று சுத்தமாக இருந்தது. அப்படியானால் தப்பாகக் கூவியது குண்டு வீசியவன் என்று விசாரணை தொடங்குவதற்கு முன்பே பேச்சாகிவிட்டது. காதர் அலி துறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். வங்காளமும் இந்துஸ்தானியும் கலந்த அவர் பேச்சை நம் பேச்சில் சொல்கிறேன்.

"மதராசி பாபு, நான் ரெண்டுன்னுதான் சொன்னேன். என் தம்பி தினம் போற வழி அது. அந்த வழியில நான் பொய் ஆழம் சொல்லுவேனா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் மெஸ்ஸுக்கே வந்துவிட்டார். நாங்கள் சாப்பிட்டு எழுந்த நேரம். கையில் அவருடைய குறிப்புப் புத்தகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்றைய தேதிப் பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "என் கம்பி மூன்றரை மீட்டரில் தரையைத் தொட்டது. உங்கள் கணக்கில் இரண்டு பாகம்கூட முழுதாக இல்லை. குழாயில் மணல் வந்தது. உங்கள் புத்தகத்தில் ஏன் நாலு?"

நான் அந்தத் தேதியை மறுபடி படித்தேன்.

"முன்னாலேயே எழுதிவிட்டீர்கள்" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. "நான் நாளை மறுநாள் விசாரணையில் இதைச் சொல்வேன். ஆனால் நான் வெளியூர்க்காரன், என் கருவியை நம்ப மாட்டார்கள். நீங்கள் சொன்னால் போதும். ஒரே வாக்கியம். அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார்."

அவர் போனதும் பக்கத்துக் கட்டில் சங்கரலிங்கம் வந்தான். வங்கி ஒன்றில் குமாஸ்தா, என் ஊர்க்காரன், என்மேல் உண்மையாகவே பிரியம் உள்ளவன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வே, நீரு பொய் சொல்ல வேண்டாம்" என்றான். "பொய் சொன்னா பாவம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். கேக்காததை ஏன் இழுத்துப் போடுதீரு? அந்தப் பறங்கி நாளைக்குக் கப்பல் ஏறிப் போயிருவான். நீருல்லா இங்க இருந்து பொழைக்கணும்."

எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? பொய் சொல்ல வேண்டியதில்லை என்றதும் என் பாரம் பாதி இறங்கிவிட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும்; இப்படிப் பிரியமாகச் சொல்ல ஒருவனும் பக்கத்தில் இருப்பான். அவனைத் திட்டாதீர்கள், ஆனால் அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

விசாரணையில் முதலில் என் புத்தகத்தை மேஜையில் வைத்தார்கள். கை மாறி மாறிப் போயிற்று. "அழகான எழுத்து" என்றார் தலைவர். கூவியதைக் கூவியபடியே எழுதினாயா என்று என்னிடம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். கேட்கவில்லை. ஓர் அடித்தலும் இல்லாத புத்தகத்தைப் பார்த்து அப்படிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. காதர் அலி இரண்டு என்றுதான் சொன்னேன் என்றார். எழுதி வைக்காத வாய்ச்சொல் என்று அது நின்றுவிட்டது.

பிறகு டாக்டர் எழுந்து தன் குறிப்பைப் படித்தார். எங்கள் பெரிய துரை தலைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ அந்த லாஞ்சில் இருந்தாய். டாக்டரின் கம்பி நேராக இறங்கியதா, சாய்ந்திருந்ததா?"

"சாய்ந்திருந்தது" என்றேன்.

"எவ்வளவு?"

"நன்றாகவே சாய்ந்திருந்தது. ஓட்டம் இருந்தது."

அத்தனையும் உண்மை. இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் உடனே பார்த்திருப்பீர்கள். சுவரில் ஏணியைச் சாய்த்து வைத்தால், ஏணி எட்டுகிற உயரம் ஏணியின் நீளத்தைவிடக் குறைவு. சாய்ந்த கம்பி மூன்றரை மீட்டரில் தரையைத் தொட்டது என்றால், ஆழம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். நாலு பாகமாக இருக்கவே முடியாது. என் பதில் காதர் அலியைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பதில். டாக்டர் அதைச் சொல்ல வாயெடுத்தார். "கருவி நேராக இல்லை என்பதைக் குறித்துக்கொண்டோம், நன்றி" என்று தலைவர் முடித்துவிட்டார். மூவரில் ஒருவர் பழைய மாலுமி. அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நின்றபடியே என்னைப் பார்த்தார். நான் எழுந்து ஒரே வாக்கியம் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. என் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காதர் அலிக்கு வேலை போயிற்று. தப்பு ஆழம் சொன்னவன் என்று அவர் சான்றிதழில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் படகிலும் அவர் கையில் யார் குண்டைக் கொடுப்பார்கள்? டாக்டருக்கு லாஞ்சில் இடம் இல்லை என்று ஒரு வரிக் கடிதம் போயிற்று. எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. மூன்றும் ஒரே வாரத்தில்.

டாக்டர் கிளம்புவதற்கு முதல் நாள் துறையில் அவரைப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து சேர்த்த தண்ணீர்ப் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. இன்னும் ஒரு மழைக்காலத்துத் தண்ணீர் வேண்டும், அது இல்லாமல் இவற்றால் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து ஆற்றில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளைத் திறந்து கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பேசவும் இல்லை. அவர் தன் மொழியில் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ஒரு பாட்டிலை மட்டும் அவர் கவிழ்க்கவில்லை. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் இருந்தது. லேபிளில் அந்தத் தேதி. அதை என் கையில் வைத்துவிட்டு, கைகளை வேட்டி துவைப்பதுபோல் தண்ணீரில் அலசிக்கொண்டு எழுந்து போனார். அதற்கப்புறம் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது, மணல் என்னிடம் இருக்கிறது.

ஏழெட்டு வருஷம் கழித்துக் கிதிர்பூர் துறைமுக வாசலில் காதர் அலியைப் பார்த்தேன். வெளிநாட்டுக் கப்பல்களில் கரி தள்ளும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். முகம் வெந்து போயிருந்தது, மூச்சு வாங்கியது. நான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், அதற்குள் சலாம் வைத்துவிட்டார்.

"மதராசி பாபு, சௌக்கியமா? புள்ளைங்க இருக்கா?"

இருக்கிறார்கள் என்றேன். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல பாபு. அன்னைக்குத் தெக்குக் காத்து. நான் ஆத்தைப் பாத்து நின்னு கூவினேன், உங்களுக்குக் கேட்டிருக்காது. நான் திரும்பி நின்னு இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும். என் தம்பியை நானே கொன்னுட்டேன்."

எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. அதை அவரிடம் சொல்வதுதான் என் வாழ்க்கையில் நான் செய்திருக்க வேண்டிய ஒரே வேலை. டிராம் வந்தது. நான் ஏறிவிட்டேன். அடுத்த பயணத்தில் அவர் கடலிலேயே இறந்துபோனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

என் புத்தகத்தைப் பெரிய துரை தோல் அட்டை போட்டுக் கட்டி, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டச் சொல்லி வைத்தார். துரைக்குப் பின் அதைக் காட்டியவர்களில் நானும் ஒருவன். தலைமை எழுத்தராக இருந்த காலம் முழுவதும், வருஷா வருஷம், நானே அதைத் தூக்கிப் பிடித்து, இப்படி எழுதப் பழகுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பீரோச் சாவி என் இடுப்பில் இருந்தது, சட்டைப் பையில் பென்சில் இருந்தது. அந்த ஒரு கோட்டைப் போட ஒரு நாளும் கை வரவில்லை.

அந்தப் பீரோ இப்போது உங்கள் அறையில் இருக்கிறது. பதினேழாம் பக்கம், கீழிருந்து ஆறாவது வரி. நாலு என்று இருக்கும். விதி உங்களுக்குத் தெரியும்: ஒரே கோடாக அடியுங்கள், மேலே இரண்டு என்று எழுதுங்கள். ஓரத்தில் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அங்கே உங்கள் பெயர் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். காதர் அலி சொன்னது என்று எழுதுங்கள்.